ஃபெர்மின் கேட்ட கேள்வி

லாஸ் வேகாஸில் ஒரு சூதாட்ட விடுதியின் சமையலறையில் என்னோடு பதினாறு வருடம் பாத்திரம் கழுவியவர் எலிசேயோ. மெக்சிகோவிலிருந்து வந்தவர், குடியுரிமை கிடைத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் தொழிற்சங்கம் போராடி வாங்கித் தந்தவை. அதனால் ஜனாதிபதித் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு ஓட்டுக் கேட்கச் சங்கம் ஆள் தேடியபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

ஆனால் அவருக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கட்சியின் ஆட்சியில், மூன்றே வருடத்தில் வாடகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்தது. மனைவி அம்பாரோ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இறைச்சி வாங்கினாள். இருந்தும் சமையலறைக்கு விடுப்புப் போட்டு, சங்கத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் யெசேனியாவோடு கதவு கதவாகத் தட்டினார்.

பதினோராம் நாள் பட்டியலில் ஃபெர்மினின் முகவரி வந்தது. கட்டிட வேலைக்காரர், எலிசேயோவின் மகளுக்கு ஞானத்தந்தை; அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாதமாக வேலை இல்லை.

சட்டையைப் பார்த்ததும் ஃபெர்மின் சிரித்தார். "வாங்க கொம்பாத்ரே. எனக்கே பாடம் எடுக்க வந்துட்டீங்களா?"

"அப்படி இல்ல கொம்பாத்ரே. சங்கம் என்ன சொல்லுதுன்னா..."

"உங்களுக்குச் சங்கம் இருக்கு. எனக்கு யாரு இருக்கா? போன ஆட்சியில வாரத்துக்கு ஆறு நாள் வேலை. இப்ப போன்கூட அடிக்க மாட்டேங்குது."

யெசேனியாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம சனத்தைப் பத்தி அந்த எதிர்க்கட்சிக்காரங்க என்னெல்லாம் பேசினாங்க, கேக்கலையாண்ணே?"

"கேட்டேம்மா. வலிக்கத்தான் செஞ்சுது. அதுக்காக வீட்டுக்காரன் வாடகையக் குறைப்பானா?" எலிசேயோ பக்கம் திரும்பினார். "நீங்க யாருக்குப் போடப்போறீங்க? என் ஞானமக மேல சத்தியமா சொல்லுங்க."

எலிசேயோ கையிலிருந்த முகவரிப் பட்டியலை மடித்தார். யெசேனியா அவரையே பார்த்தாள்.

"தெரியல" என்றார்.

வண்டியில் ஏறியும் யெசேனியா சாவியைத் திருப்பவில்லை. "பதினோரு நாளா ஊரையே கேட்டோம். உங்களத்தான் நான் கேக்கலண்ணே."

"மேல சொல்லிடுவியா?"

"மாட்டேன். ஆனா நாளைக்கு வராதீங்க."

நடந்து நடந்து முழங்கால் வலிக்கிறது என்று சங்கத்தில் சொல்லிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினார். எல்லோருக்கும் போல அவருக்கும் தபாலில் வந்த ஓட்டுச் சீட்டைப் பத்து நாள் தொடவில்லை. பிறகு ஒரு விடியலில் ஜனாதிபதி பதவிக்கு எதிர்க்கட்சிக்காரரையும், செனட் சபைக்குச் சங்கம் சொன்னவரையும் குறித்தார். "துரோகம்னு நெனைக்கிறியாப்பா?" என்று பாத்திர இரைச்சலுக்கு நடுவே என்னிடம் கேட்டார். நான் அடுத்த தட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

எதிர்க்கட்சி ஜெயித்தது. மறுநாள் ஊழியர் உணவுக்கூடத்தில் யெசேனியா அழுதுகொண்டிருந்தாள். எலிசேயோ தட்டோடு போய் எதிரே உட்கார்ந்தார். அவள் எழுந்து போகவில்லை; எதுவும் கேட்கவுமில்லை. அவரால்தான் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.