சேர்மனை இறக்கப் போன மெம்பர்

இன்று காலை ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் எங்கள் ஊர் பஞ்சாயத்து யூனியன் மெம்பர் பளபள மொட்டையோடு ஏறினார்.

ஏரி மதகைச் சரிசெய்யாமல் எங்கள் பயிரைக் காயவிட்ட சேர்மன்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவரே இவர்தான். "அந்த ஆளுக்குக் கை தூக்க மாட்டேன்" என்று அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியமும் செய்தார்.

நேற்று ஓட்டெடுப்பு. பாதி மெம்பர்கள்கூட வராததால் கூட்டமே நடக்கவில்லை. தீர்மானம் செத்தது.

"இன்னா மெம்பரே, நேத்து எங்க போய்ட்டீங்க?" என்று கேட்டேன்.

"திருப்பதிக்குப்பா. சேர்மன் வேன் வச்சி எங்க எல்லாரையும் இட்டுகினு போனாரு."

"அப்போ சத்தியம்?"

"நான் எங்க அவருக்குக் கை தூக்கனேன்? ஊர்லயே இல்லியே! சத்தியம் அப்டியே கீது."

சொல்லிவிட்டு மொட்டையில் இருந்த சந்தனத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெட்கம் மருந்துக்கும் இல்லை.

மறுபடி தீர்மானம் கொண்டுவர, சட்டப்படி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் அவர் தலையில் முடி முளைத்துவிடும். எங்கள் வயலில்தான் ஒன்றும் முளைக்காது.

உங்கள் ஊர் மெம்பர் தலையில் முடி இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.