ஒரு பக்கத்துக்கு முப்பத்து நாலு நிமிடம்

இசைத்தட்டில் கோடு வெட்டும் அந்த மனிதருக்கு எறும்பு கொட்டாவி விட்டால்கூடக் கேட்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். மூன்றாவது அறையில் பூனை நடந்தால் கேட்கும். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே பாம்புக்காது.

டேப்பில் இருக்கும் பாட்டை, சுழலும் மூலத்தட்டில் ஊசியால் ஒரே நீளக் கோடாகக் கீறித் தருவது அவர் வேலை. அதை வைத்துத்தான் மற்றத் தட்டுகள் அச்சாகும். பக்கத்துக்கு இருபது நிமிடம் என்றால் கோடு கைகாலை நீட்டி உட்காரும். குரல் கணீரென்று வரும். நேரம் கூடினால் கோடுகளை நெருக்கி அடுக்க வேண்டும். அவை ஒன்றையொன்று இடிக்காமலிருக்க ஒலியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் இரைச்சல் தலைதூக்கும். போதாக்குறைக்கு, தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் குரல் மங்கும். எப்பேர்ப்பட்ட பாடகர் வந்தாலும், "ஒரு பாட்டை எடுங்க, இல்லேன்னா ரெண்டு தட்டாப் போடுங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

அக்காவிடம் மட்டும் வாய் வரவில்லை.

அக்கா மகளுக்குப் பத்தொன்பது வயது. பாடிப் பதிவு செய்த மூன்றாம் வாரம் காய்ச்சலில் போய்விட்டாள்.

"பதினாலு பாட்டுடா. ஒண்ணைக்கூட விட்டுடாதே. எம் பொண்ணு ஒரே தட்டுல முழுசா இருக்கணும்."

"ஆகட்டும்க்கா."

பக்கத்துக்கு முப்பத்து நாலு நிமிடம். மயிரிழை இடம் விடாமல் அடைத்தார். குறை தெரியத்தான் செய்தது, காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாப் பாட்டும் அடங்கிவிட்ட நிம்மதியில், வேலை முடிந்ததென்ற சீட்டில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து விழுந்ததும் டேப்பை அழித்து அடுத்தவருக்குக் கொடுப்பது பதிவு அறையின் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா வீட்டுக் கூடத்தில் தட்டு சுழன்றது. குரல் எங்கோ சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அக்கா ஒலியைக் கூட்டினாள். இரைச்சல்தான் கூடியது.

"என்ன மச்சான், எம் பொண்ணைப் பக்கத்து வீட்டுல உட்கார வச்சுப் பாடச் சொன்னியா?" என்றார் அத்தான். சிரிக்கத்தான் நினைத்தார், சிரிப்பு வரவில்லை.

"அவ பாடினா ஜன்னல் அதிருமேடா," என்றாள் அக்கா.

தம்பி விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"அதனாலென்ன? இப்ப ரெண்டு தட்டா வெட்டிடு. டேப் இருக்குல்ல?"

"அழிச்சுட்டாங்கக்கா. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து ஒலிபெருக்கியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டாள். மூவரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் மகள் மூச்சு வாங்குவது கேட்டது.

கடைசிப் பாட்டில் குரல் கரகரத்தது; மேலே போகும்போது இரண்டு இடத்தில் உடைந்தது. தம்பியால் தாங்க முடியவில்லை.

"இதையாவது விட்டிருக்கணும்க்கா. நடுவுல கொண்டுபோய்த் திணிச்சுக் குரலையே கெடுத்துட்டேன்."

அத்தான் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது நீ கெடுத்ததில்ல மச்சான். இந்தக் கடைசிப் பாட்டைப் பதிவு பண்றதுக்கு முந்தின நாள், பாடப் போகக்கூடாதுன்னு நான் சண்டை போட்டேன். அழுது அழுது தொண்டை கட்டிப்போய், இப்படித்தான் பாடினா."