பட்டன், நூல், மோட்டார்

மிக்ஸி முனகினாலும் சரி, ஃபேன் நொண்டினாலும் சரி, தம்பி முதலில் போய் மெயினை அணைக்கிறான். வீடே இருண்ட பிறகு, கையில் டெஸ்டரோடு நின்று நோயாளியைப் பார்ப்பதுபோல் அந்தப் பொருளைப் பார்க்கிறான். மின்சாரம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று தாளில் படம் போட்டு அக்காவுக்கு விளக்குகிறான். எல்லாம் ஆன பின், "எலக்ட்ரீஷியனக் கூப்பிடுக்கா" என்கிறான்.

இவன் எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருடம் படிக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? அக்கா நம்ப வைப்பாள். முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள், அளவெடுக்க வருகிறவர்களிடம் டேப்பைப் பிரிப்பதற்கு முன்பே தம்பியின் படிப்பைச் சொல்லிவிடுகிறாள். அதைக் கேட்ட ஒருத்தி மறுநாளே பழுதான இஸ்திரிப் பெட்டியோடு வந்து நின்றாள். "நாங்க படிக்கிறது லட்சம் வோல்ட்டுங்க. இதெல்லாம் சிலபஸ்ல வராது" என்று தம்பி கையை விரித்தான்.

எல்லாப் பாடமும் தேறிவிட்டான், மோட்டார் செய்முறைத் தேர்வைத் தவிர. சென்ற முறை, ஃபீல்டு என்கிற சுற்றுக்குப் போகும் கம்பியைச் சரியாக முறுக்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டான். அந்தக் கம்பி கழன்றால் மோட்டார் நிற்காது. கண்மண் தெரியாமல் வேகமெடுக்கும். எடுத்தது. எக்ஸாமினர் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மதிப்பெண்ணும் அவரோடு போய்விட்டது. இந்த முறையும் தவறினால் பட்டம் இல்லை. கிடைத்திருக்கிற வேலையும் கைவிட்டுப் போகும்.

வீட்டில் அப்படியொரு மோட்டாருக்கு எங்கே போவது? அக்காவின் வெட்டு மேசையில் பட்டன்களைப் பரப்பி, சிவப்பு நூலையும் நீல நூலையும் கம்பிகளாக்கிப் பழகினான். நீலம்தான் ஃபீல்டு. அக்காதான் எக்ஸாமினர். எட்டாவதோடு பள்ளியை விட்டவளுக்கு மின்சாரம் தெரியாது. தொய்ந்த நூல் தெரியும். அவன் தலை திரும்பும்போது நீல நூலைப் பட்டனிலிருந்து உருவிவிடுவாள். அவன் அதைக் கவனிக்காமல் சுவிட்ச் போட்டாச்சு என்றால், மறுபேச்சில்லாமல் எழுந்து பீரோவுக்குப் பின்னால் போய் நிற்பாள்.

"வேணும்னே கழட்டுனா எப்படிக்கா?"

"மோட்டார் என்ன உன் மாமனாரா, உனக்கு மரியாதை குடுக்க? போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா இழுத்துப் பாருடா."

போகப் போக அவன் கை தானாக இழுத்துப் பார்க்கப் பழகியது. வெளியே கிளம்பும்போது சட்டைப் பட்டன்களைக்கூட இழுத்துப் பார்த்தான். பிய்த்தும் கொண்டான். அக்கா திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாள்.

தேர்வு நாளன்று அவள் ஒரு சட்டைக்கு வலக் கையை இடப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். அந்தக் கடையில் அப்படி நடந்ததே இல்லை. தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தம்பி உள்ளே வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"எல்லாத்தையும் இழுத்துப் பாத்தேன். ஒரு கம்பி கையோட வந்துச்சுக்கா. மறுபடி முறுக்கிட்டுப் போட்டேன். ஒழுங்கா ஓடுச்சு."

"அதே ஆளுதான் வந்தாரா?"

"அவரேதான். நாற்காலிய பீரோ பக்கமாப் போட்டு உக்காந்திருந்தாரு. ஆனா கடைசி வரைக்கும் எந்திரிக்கல. பாஸுன்னு சொல்லிட்டாரு."

அக்கா பிரிப்பதை நிறுத்தவில்லை. நூல் மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. தம்பி பையிலிருந்து, இனி வேலையில்லாத கால்குலேட்டரை எடுத்தான். பின்மூடியைத் தள்ளி, பேட்டரியை உருவி, டிவி ரிமோட்டில் போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தான்.