எண்ணெய்த் துணிச் சாக்கு

தென்காசி மசூது மரச்சாமான்களுக்குச் சாயமேற்றி எண்ணெய் தேய்க்கிறவன். 1934 கோடையில் இலத்தூர் ஆவுடையப்பன் தன் புது வீட்டுத் தேக்குக் கதவுகளை அவனிடம் ஒப்படைத்தார். காலையில் ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகளை ஒரு சாக்கில் திணித்து உள்ளறை மூலையில் வைத்துவிட்டு, வாசல் நிலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சாக்கு எரிகிறது. பக்கத்திலேயே தொட்டில், அதில் ஆவுடையப்பனின் கைக்குழந்தை. மசூதுக்கு அல்லா பேர்கூட வாயில் வரவில்லை. வெறுங்கையால் சாக்கை வாரி முற்றத்தில் எறிந்தான். உள்ளங்கை வெந்துபோயிற்று.

“ஏலே, பீடி குடிச்சியாலே?” ஆவுடையப்பன் அவன் கழுத்துத் துண்டைப் பிடித்து உலுக்கினார்.

“அந்தப் பழக்கமே இல்ல அண்ணாச்சி. நெருப்புக்குச்சிகூட எங்கிட்ட கிடையாது.”

“பின்ன துணி தானாவா எரியும்? எம்பிள்ளையக் கொல்லப் பாத்தியேலே!”

மசூது வெந்த கையோடு வீட்டுக்குத் திரும்பினான். ஏதோ ஒரு ஷைத்தான் தன்னோடு வருகிறது என்றே நினைத்தான். கை ஆறிய பிறகும் வேலைக்குப் போகவில்லை. மனைவி ஷமீம் பானு அடுப்பு மூட்டினால் தெருவுக்கு இறங்கிவிடுவான்.

அரிசிப்பானை காலியானபோது அவள்தான் பக்கத்து வீட்டு மரப்பெட்டி ஒன்றைக் கூலி வேலையாக வாங்கி வந்து கொல்லையில் வைத்தாள். மசூது அதற்கு எண்ணெய் தேய்த்து முடித்தான். சாயங்காலம் அவள் துணிக்குவியலை அள்ளினாள். உடனே கீழே போட்டாள்.

“இங்கன வாங்க! இது சுடுது!”

மசூது குவியலைப் பிரித்தான். ஈரத்துணிக்கு நடுவே காய்ச்சல்காரன் உடம்புபோல் கொதிப்பு. இன்னும் உள்ளே ஒரு துணி பழுப்பேறிப் புகைந்தது. பக்கத்தில் நெருப்பே இல்லை. இருவரும் அதை வாளித் தண்ணீரில் அமுக்கினார்கள்.

மறுநாள் இலத்தூருக்குப் போய் ஆவுடையப்பன் காலில் விழாத குறையாக, வந்து பார்க்கும்படி கெஞ்சி, களத்துமேட்டில் எண்ணெய்த் துணிகளைக் குவித்தான். வெயில் ஏறியது. எரியாவிட்டால் பொய்யனாவான்; எரிந்தால், இத்தனை வருஷம் எத்தனை வீட்டு மூலையில் இதை விட்டுவந்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிவரும். கடைசியில் புகை கிளம்பியது. பிறகு தீ நாக்கு.

ஆவுடையப்பனின் மனைவி முப்பிடாதியம்மாள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். ஆவுடையப்பன் தீ அடங்கியதும் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

“மிச்சக் கதவ முடிச்சுக் குடுத்துரு மசூது,” என்றார். “ஆனா ஒரு துணியும் வீட்டுக்குள்ள கிடக்கப்படாது.”

முடித்துக் கொடுத்தான். துணிகளைத் தனித்தனியாக வேலியில் விரித்தான். அப்படியும் வீட்டுக்குப் பாதி வழி போனவன் திரும்பி வந்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனான்.