ஒற்றைக் கோடு காட்டிய அட்டை

நான் வேலை பார்க்கும் வளைகுடா ஒட்டகப் பண்ணையில் காலைப் பொழுது இப்படித்தான் விடிகிறது. ஆண் ஒட்டகம் ஒன்றைப் பெண் ஒட்டகங்களின் முன்னால் நடத்திப் போவார்கள். சினைப்பட்டது வாலை விறைப்பாகத் தூக்கி விலகும். படாதது சும்மா நிற்கும். மேய்ப்பர் சலீம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். பிறகு அதே ஒட்டகங்களின் இரத்தத்தை வாங்கி, குளிர்ந்த அறையில் மெஷினுக்குள் வைத்து, மத்தியானம் அதே பதிலை நான் காகிதத்தில் நீட்டுவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். "உன் மெஷின் ஒட்டகத்தைப் பார்த்திருக்கிறதா?" என்று ஒருநாள் கேட்டார். எந்த ஊர் மெஷின் என்று கேட்கிறார் போல என எண்ணி, "ஜெர்மனி" என்றேன். பரிதாபப்பட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இங்கே நான் சோதனைக் குழாய் கழுவுகிறவன். சொந்த ஊரான கடையநல்லூரில் டாக்டர் மாதிரி. போன வருடம் லீவில் போயிருந்தபோது, சாரல் நேரத்தில் குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு டீக்கடையில் நின்றோம். தங்கை கணவர் காதர் ஏதோ கேட்டுவைக்க, எனக்குப் பேச்சு பெருகிவிட்டது. சினைக் குதிரையின் இரத்தத்தில் எடுத்த ஹார்மோனை ஒட்டகத்துக்கு ஊசியாகப் போடுகிறோம், கருமுட்டை கொத்தாக விளைகிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனுசன், மாடு, ஒட்டகம் எல்லாத்துக்கும் ஹார்மோன் ஒண்ணுதான் மாப்ளே" என்று முடித்தேன். வாய்க்கு வரி உண்டா என்ன?

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மருந்துக்கடையில் பெண்களுக்காக விற்கிற கர்ப்பப் பரிசோதனை அட்டை. தங்கை ரஹ்மத் கன்றிலிருந்து வளர்த்த செவலைப் பசுவின் மூத்திரத்தைச் சொட்டுவிட்டிருக்கிறார் காதர். சினை ஊசி மூன்றாவது தடவை போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் காட்டப் போக மாப்பிள்ளை ஐயாவுக்குச் சோம்பல். "ஒரு கோடுதான் விழுது மச்சான். என்ன அர்த்தம்?" நான் யோசிக்கக்கூட இல்லை. "ஒரு கோடுன்னா இல்ல" என்று அனுப்பினேன். காதர் அடுத்து அனுப்பிய குரல்பதிவில், அவருக்குப் பின்னாலிருந்து ரஹ்மத்தின் குரல் கேட்டது: "ஊசி போட்டதுக்கப்புறம் அது கத்தவே இல்லண்ணே. சினை நிக்காட்டா கத்தும்லா?" இரண்டு ஆண்களுக்கும் அது காதில் ஏறவில்லை. கையில் அட்டை இருக்கிறதே! சினை நிற்காத மாடு என்று அந்த வாரமே பசு இலத்தூருக்கு விலைபோனது.

அடுத்த ஆனியில் அது கன்று போட்டது.

அதற்கப்புறம்தான் பண்ணை டாக்டரிடம் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. அந்த அட்டை தேடுவது மனிதக் கரு தாய்க்கு அனுப்பும் ஹார்மோனை. குரங்கு, மனித வழியில், கருமுட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோனின் பழைய மரபணு நகலாகி, நகல் வேறு வேலை கற்றுக்கொண்டதால் வந்தது அது. குதிரைக்கு நகல் கிடையாது. பழைய மரபணுவே இரண்டு வேலையும் பார்க்கிறது. மாடு, ஆடு வகையறாவில் அந்த ஏற்பாடே இல்லை. கரு தாயிடம் தான் இருப்பதைச் சொல்ல, கிருமியோடு சண்டை போடும் புரதத்தின் சொந்தக்காரப் புரதம் ஒன்றை அனுப்புகிறது. ஒட்டகத்தின் வழி இன்னும் வேறு. குதிரை ஊசி ஒட்டகத்திடம் பலித்ததால் எல்லாம் ஒன்று என்று முடிவுகட்டிய மேதை நான் ஒருவன்தான். செவலையின் வயிற்றுக்குள் கன்று தன் பாஷையில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ரஹ்மத்துக்கு அது கேட்டிருக்கிறது.

இந்த லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு இலத்தூருக்குப் போனேன். திருப்பி வாங்கிவிடலாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. வாங்கியவர் சிரித்தார். "கத்தாத மாட்ட எவனாவது விப்பானா தம்பி? சினைன்னு அன்னைக்கே தெரியும். இப்ப தர முடியாது." ரஹ்மத் என்னைப் பார்க்கவில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "செவல" என்று கூப்பிட்டாள். பசு காதை விடைத்துத் தலையைத் திருப்பியது. இரண்டடி வந்தது. அதற்குள் அந்த வீட்டம்மா தவிட்டுத் தண்ணீரோடு வர, அந்தப் பக்கம் போய் வாளிக்குள் மூஞ்சியை விட்டுக்கொண்டது. காது மட்டும் எங்கள் பக்கமே இருந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து என் சட்டையையும் வாட்சையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"வெளிநாடா? எப்ப திரும்பிப் போறிய?"