பறிப்புண்ணுன்னு நெனச்சோம்

எங்க ஏரியில எறா புடிக்க வலையும் வேணாம், படகும் வேணாம். தண்ணியில குந்திக்கினு ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவிக்கினே போவணும். அம்புட்டதைப் போட ஓலைக்கூடை, அதுக்குப் பேரு பறி. கை ரெண்டும் சேத்துல இருக்கறதால பறியோட கயித்தைப் பல்லுல கடிச்சுக்குவோம். வாயில புண்ணு வராத ஆளே எங்க தெருவுல கெடையாது. பறிப்புண்ணும்போம், உப்பை வெச்சு அமுக்கிட்டு அடுத்த வேலையைப் பாப்போம்.

எண்பதுகள்ல என் தம்பிக்கு கிட்னி ரெண்டும் பூட்டுது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில என்னோடது ஒண்ணை எடுத்து அவனுக்கு வெச்சாங்க. எங்க பக்கம் அப்படி ஒண்ணை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்ல. பழவேற்காடு பஜார்ல யாராச்சும் விசாரிச்சா போதும், சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டுவான். "எங்கக்கா குடுத்தது"ம்பான். வெக்கங்கெட்டவன். ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான், இன்னாத்துக்குப் பொய் சொல்லணும்?

சேத்துல எறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. கொஞ்ச காலம் கேட்டான். எறா நல்லா வந்த ஒரு வருசம், எவ்ளோ கத்தியும் கேக்காம எறங்கிட்டான். அப்புறம் ஒருநாள் மேல்வாயில கறுப்பா ஒண்ணு. "பறிப்புண்ணுக்கா, வலிகூட இல்ல"ன்னான். எங்க நைனாவும் வாயைத் தொறந்து பாத்துட்டு, "உப்பு வைடா"ன்னாரு. கன்னம் வீங்கி, மூக்குல கறுப்பு ரத்தம் வந்தப்பறந்தான் பஸ் ஏறினோம்.

"இது புண்ணு இல்லம்மா, பூஞ்சைக்காளான்"னாரு டாக்டர். கிட்னியை உடம்பு ஒதுக்கிடாம இருக்கறதுக்குத் தர்ற மாத்திரை, உடம்போட எதிர்ப்பு சக்தியையும் அடக்கிடுமாம். அந்த நேரம் பாத்து இது உள்ள பூந்துடுச்சாம். மேல்வாயில ஒரு பக்கத்தை எலும்போட வெட்டி எடுத்தாங்க. மாத்திரையையும் நிறுத்திட்டாங்க. கிட்னி போனா போவட்டும், மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கலாம், இப்போ உசுருதான் முக்கியம்னாரு.

அப்பவும் காளான் கண்ணுப்பக்கம் ஏறிக்கினே போச்சு. ஒருநாள் காலையில உள்ள போறேன், இவன் லுங்கி முடிச்சை அவுத்து ஒரு மாத்திரையை எடுத்துக் கஷ்டப்பட்டு முழுங்கறான். நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை, ஊட்லேருந்து ஒளிச்சுக் கொண்டாந்தது.

"அடப்பாவி, இன்னாடா பண்ற?"ன்னு கையைத் தட்டிவிட்டேன்.

"உன்னுது கெட்டுப்பூடும்கா"ன்னான். மேல்வாய் போனதால பேச்செல்லாம் மூக்குல வந்துச்சு.

"நான் திருப்பிக் கேட்டனாடா? நாசமாப் போவட்டும் அது, நீ இருடா!" வார்டே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு அழுகை தாங்கல.

"இன்னொண்ணு உன்னால குடுக்க முடியாதே"ன்னான்.

மீதி மாத்திரையைக் கொண்டுபோய்க் கக்கூஸ்ல கொட்டினேன். அந்த வாரமே அவன் பூட்டான்.

டாக்டர் என்னைத் தனியாக் கூப்புட்டாரு. நல்ல மனுசன், ஆறுதலுக்குத்தான் சொன்னாரு, பாவம். "நீ குடுத்த கிட்னி கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுதும்மா"ன்னாரு. அந்த மனுசன் மூஞ்சியில ஓங்கி அறையணும்போல இருந்துச்சு எனக்கு.