சிநேகாவைக் கவனிக்க வந்தவள்

ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான் ஜோதிலட்சுமி செங்கல்பட்டில் பி.எட். சேர்ந்தாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ். குழந்தை வளர்ச்சிப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைச் சில வாரங்கள் கவனித்து எழுத வேண்டும். சொந்தப் பிள்ளை கூடாது. கூடப் படிக்கும் ஸ்ரீதேவி, "அக்கா, உங்க சிநேகாவ எனக்குக் குடுங்களேன்" என்றபோது ஜோதிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஸ்ரீதேவி கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமைகளில் வந்து, கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சிநேகாவைப் பேசவிட்டுக் கேட்பாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் சிநேகா, பக்கத்தில் உட்காரும் கேசவன் கிள்ளுவதையும், மிஸ் ஒருநாள் அழுததையும், பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பயமாக இருப்பதையும் அவளிடம் கொட்டினாள். அடுப்படியில் நின்ற ஜோதிக்கு அத்தனையும் புதுச் செய்தி.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீதான் எப்பப் பாத்தாலும் படிச்சிகினே கீறியே."

அன்று ஸ்ரீதேவியின் தட்டில் வழக்கமான மூன்றாவது தோசை விழவில்லை.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் வைத்து, ஒன்றில் இருப்பதை ஒடுங்கிய, உயரமான டம்ளருக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேட்பார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். அதில் குறை ஒன்றுமில்லை. ஜோதியும் அதைப் படித்தவள்தான். ஆனாலும் தன் மகள் ஸ்ரீதேவி முன்னால் தப்பாகச் சொல்வதை நினைக்கவே பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே சிநேகாவை உட்காரவைத்துப் பழக்கினாள்.

மறுநாள் ஸ்ரீதேவி வெறும் டம்ளர்களை எடுத்து வைத்ததுமே, "ரெண்டும் ஒண்ணுதான்!" என்று கத்தினாள் சிநேகா.

"இன்னும் தண்ணியே ஊத்தலையேடா செல்லம். யாரு சொன்னா?"

"அம்மா. தப்பா சொன்னா மானம் பூடும்னுச்சு."

ஸ்ரீதேவி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். "அக்கா, சொல்லிக்குடுத்த பிள்ளைய வச்சு நான் எழுத முடியாது. வேற பிள்ளைதான் பாக்கணும்."

"பாத்துக்கோயேன். ஊர்ல புள்ளைங்களா இல்ல?"

அவமானம்தான். ஆனால் அதற்கும் மேலே, அப்பாடா என்றிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மகள் அவளுக்கு மட்டும்தான். புத்தகத்தை மூடிவிட்டு அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"ஸ்கூல்ல இன்னா நடந்துச்சு, சொல்லு."

சிநேகா அவள் முகத்தையே பார்த்தாள். "இன்னா சொல்லணும்? நீ சொல்லிக்குடு, சொல்றேன்."

ஜோதி மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு போனை எடுத்தாள். "ஸ்ரீதேவி, நாளைக்கு வூட்டுக்கு வர்றியா? எழுதறதுக்கு இல்ல. சும்மாதான். புள்ள என்னாண்ட பேசமாட்டேங்குது."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீதேவி வந்தாள். கேசவன் இப்போது கிள்ளுவதில்லை என்பதில் தொடங்கி, சிநேகா நிறுத்தாமல் பேசினாள். ஜோதி பக்கத்திலேயே உட்கார்ந்து, வயிறு எரிய எரிய, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.